மருமகனின் சிரிப்பும் மாமனாரின் முணுமுணுப்பும்



பிரயாண இலக்கியம் என்றதும் நம் நினைவுக்கு வருவது புதிய இடமொன்றுக்குப் போய் வந்தவரின் எழுத்துத்தான். கண்டறியாத ஊர், கேட்டறியாத மொழி, உண்டறியாத உணவு ஆகியவற்றைக் கண்டவர் காணாதவர்க்குச் சொல்லுகிறார். தமிழில் ஏ. கே. செட்டியார் முதலானோர் இவ்வகையில் நமக்கு நல்ல விருந்து படைத்திருக்கிறார்கள். ஆனால், இன்னொரு வகைப் பிரயாணமும் உண்டு. முன்னர் வாழ்ந்த இடத்துக்குப் பல ஆண்டுகள் கழித்து மறுபடியும் போவது. முதல் வகைப் பிரயாணி, "இது என்ன?" என்று கேட்டுக்கொண்டு நடக்கிறான். இரண்டாம் வகைப் பிரயாணி, "இங்கே இருந்தது எங்கே?" என்று கேட்டுக்கொண்டு நடக்கிறான். இந்த இரண்டாவது கேள்வியை நகைச்சுவையோடு கேட்ட ஓர் எழுத்தாளரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

மறுபயணங்களிலும் வேறுபாடு உண்டு. கொழும்பிலே பிறந்து, 1954இல் சிறுவனாக இந்நாட்டை விட்டுச் சென்று, பின்னர் கனடாவைத் தன் நாடாக்கிக்கொண்ட மைக்கல் ஒண்டாச்சி, 1978இலும் 1980இலும் இங்கே வந்து தம் குடும்பக் கதைகளைத் தேடினார். அதன் விளைவாக 1982இல் வெளிவந்த 'ரன்னிங் இன் த ஃபமிலி' என்ற நூலிலே சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனாலும் அது பிறந்த வீட்டுக்குத் திரும்பியவரின் நூல். லெனார்ட் வூல்ஃப் 1904இல் சிவில் சேவை உத்தியோகத்தராக இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டை ஆகிய இடங்களிற் பணிபுரிந்து, 1911இல் நாடு திரும்பியவர். அவர் 1960இல், தம் முதுமையிலே, மீண்டும் ஒருமுறை இங்கே வந்து பார்த்தார். அது ஆளவந்தவர் தாம் ஆண்ட இடத்தைப் பார்க்க வந்த பயணம். ஒருவர் தாமே விரும்பித் தெரிந்தெடுத்த நாட்டை, அங்கே மணம்புரிந்து, வீடு கட்டி, பிள்ளை வளர்த்த நாட்டைப் பல ஆண்டுகளின் பின்னர் மீண்டும் சுற்றிப் பார்ப்பது மூன்றாவது வகை. அதனைப் புகுந்த வீட்டுக்கு மறுபயணம் எனலாம்.

யாழ்ப்பாணத்து வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பிற இடங்களிலே பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவாள். நம்மிடையே பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண்ணின் சீதன வீட்டுக்குப் போவார். போன புதிதில் அந்த வீட்டு வழக்கம் ஒன்றும் அவருக்குப் பிடிபடாது. எந்தக் கதவு எப்போது பூட்டப்படும், எந்தக் கதிரை யாருடையது, எந்தப் பேச்சை எடுத்தால் வீடு மௌனமாகும் என்பதெல்லாம் பட்டுத்தான் தெரியவேண்டும். இருபது வருடம் கழித்துப் பாருங்கள். அதே மனிதர் அதே வீட்டு விறாந்தையில் அமர்ந்து, "முந்தி இந்த வீடு இப்படியா இருந்தது?" என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பார். இந்த இரண்டு நிலைகளையும் இரண்டு நூல்களாக எழுதியவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் அமெரிக்க எழுத்தாளரான பில் பிரைசன்.

பிரைசன் 1951இல் அயோவா மாநிலத்து டி மொயின் நகரிலே பிறந்தார். முதுகுப்பையோடு ஐரோப்பாவைச் சுற்றிய இளைஞராக, 1973இல், பிரான்சின் கலே துறைமுகத்திலிருந்து கப்பலேறி இங்கிலாந்தின் டோவர் துறையில் வந்திறங்கினார். சறே பகுதியில் வேர்ஜினியா வோட்டர் என்ற இடத்திலிருந்த மனநோய் வைத்தியசாலையொன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கேதான் தாதியாகப் பணிபுரிந்த ஆங்கிலப் பெண்ணொருவரைக் கண்டு மணம்புரிந்தார். சீதனமாக ஒரு தீவையே பெற்றுக்கொண்டார் என்றும் சொல்லலாம். பின்னர் ஆங்கிலப் பத்திரிகைகளிலே பணிபுரிந்து, யோர்க்‌ஷயர்க் கிராமமொன்றிலே குடியிருந்து, 1995இல் குடும்பத்துடன் அமெரிக்காவுக்குத் திரும்பினார். அங்கும் நிலைக்கவில்லை, 2003இல் மறுபடியும் இங்கிலாந்துக்கே வந்துவிட்டார்.

அமெரிக்காவுக்குப் புறப்படுமுன், 1994ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலே, இந்த நாட்டை ஒருமுறை முற்றாகப் பார்த்துவிட வேண்டும் என்று அவர் ஒரு பிரியாவிடைப் பயணம் மேற்கொண்டார். பெரும்பாலும் பஸ்ஸிலும் புகையிரதத்திலும் கால்நடையிலும் அமைந்த அந்தப் பயணத்தின் நூல் 1995இல், 'நோட்ஸ் ஃப்ரம் எ ஸ்மோல் ஐலண்ட்' என்ற பெயரில் வெளிவந்தது. சின்னத் தீவொன்றிலிருந்து சில குறிப்புகள் என்று அதன் பெயரைத் தமிழிலே சொல்லலாம். இருபது ஆண்டுகளின் பின்னர், 2015இல், அதே தீவை மறுபடி சுற்றி எழுதிய நூல் 'த ரோட் டு லிட்டில் டிரிப்ளிங்'. அப்படி ஓர் ஊரை வரைபடத்திலே தேடிக் களைக்க வேண்டாம். ஆங்கிலக் கிராமப் பெயர்களின் விசித்திரத்தைக் கிண்டல் செய்வதற்காக அவர் படைத்துக்கொண்ட பெயர் அது.

இந்த இரண்டு நூல்களையும் அருகருகே வைத்துப் படித்தபோது, நான் வகுப்பிலே ஆண்டுதோறும் படிப்பிக்கும் ஒரு பகுதி புதிதாக விளங்கியது. தொல்காப்பியப் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியல், எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலாவதாக வைத்து, அது தோன்றும் இடங்கள் நான்கு என்று வகுக்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை. பேதைமைக்கும் மடனுக்கும் என்ன வேறுபாடு என்று மாணவர்கள் எப்போதும் கேட்பார்கள். பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது, ஒருவர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே பற்றிக்கொண்டு விடாதிருத்தல். உரையாசிரியர்கள் இன்னுமொன்று சொல்லுவார்கள். இந்த நகை பிறரிடத்திலே கண்டும் தோன்றும், தன்னிடத்திலே கண்டும் தோன்றும் என்பது அது. பிரைசனின் முதல் நூலுக்கும் இரண்டாம் நூலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு முழுவதும் இந்தச் சிறிய விளக்கத்துள் அடங்கிவிடுகிறது.

முதல் நூலின் தொடக்கத்தைப் பாருங்கள். 1973இல் டோவர் நகரிலே வந்திறங்கிய இரவை அவர் நினைவு கூருகிறார். நள்ளிரவு, மூடுபனி, கதவு திறந்த விடுதி ஒன்றுமில்லை. கடற்கரையோரத் தரிப்பிடமொன்றிலே படுக்கிறார். குளிர் பொறுக்க முடியவில்லை. பையிலிருந்த உடுப்புகளையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அணிகிறார். கடைசியில் தலைக் குளிருக்கு ஒன்றுமில்லாமல் உள்ளாடையொன்றைத் தலையிலே கவிழ்த்துக்கொண்டு தூங்குகிறார். பின்பு கிடைத்த விடுதியிலோ வீட்டுக்காரி அம்மையார் சட்டங்களைப் பட்டியலிட்டுச் சொல்லுகிறார். எந்த நேரம் உள்ளே இருக்கலாம், எந்த நேரம் வெளியே போகவேண்டும், கட்டில் விரிப்பை என்ன செய்யவேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. அந்த அம்மையார் கட்டில் விரிப்புக்குப் பயன்படுத்திய ஆங்கிலச் சொல்லோ, ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட இந்த அமெரிக்க இளைஞருக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லவும் பயம். பிழைக்குமேல் பிழை விடுகிறார்.

இங்கே யார் நகைப்புக்கு உரியவர்? விருந்தாளியின் பேதைமையும் விடுதிக்காரியின் மடனும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒருவருக்கு ஒன்றும் தெரியாது. மற்றவர் தமக்குத் தெரிந்த ஒன்றை உலகமே தெரிந்திருக்க வேண்டும் என்று நம்புகிறார். முதலிலே சிரிக்கப்படுபவர் எழுத்தாளரே. அதனாலேதான் அவருடன் சேர்ந்து வீட்டுக்காரியைப் பார்த்துச் சிரிக்கும்போது நமக்குக் குற்றவுணர்வு ஏற்படுவதில்லை.

நூல் முழுவதும் இந்த ஒழுங்கு காக்கப்படுகிறது. ஆங்கிலேயரிடம் ஓரிடத்துக்கு வழி கேட்டால் என்ன நடக்கும் என்று அவர் விபரிக்கும் பகுதி நம்மவர்க்கும் பொருந்தும். எங்கே போகிறீர்கள் என்பதைவிட எந்தப் பாதையாற் போகிறீர்கள் என்பதே அவர்களுக்கு முக்கியமாகிவிடுகிறது. ஒருவர் ஒரு குறுக்குப் பாதையைச் சொல்ல, மற்றவர் அதை மறுக்க, விவாதம் சூடுபிடிக்க, வழி கேட்டவர் மறக்கப்பட்டுவிடுகிறார். நமது ஒழுங்கைகளிலே வீட்டிலக்கம் கேட்டுச் சைக்கிளை நிறுத்தியவர்கள் இந்த அனுபவத்தை அறிவார்கள். ஆயிரம் மைல் காரோட்டிப் பழகிய அமெரிக்கருக்கு, அடுத்த மாவட்டத்துக்குப் போவதை ஒரு பெரும் படையெடுப்பாகக் கருதும் இந்தத் தீவினர் வியப்பளிக்கிறார்கள். ஒரு கோப்பைத் தேநீரும் ஒரு பிஸ்கற்றும் கிடைத்தால் உலகையே மன்னித்துவிடும் அவர்களுடைய இயல்பு அவரை நெகிழவும் வைக்கிறது. சிறியதிலே நிறைவு காணும் மக்கள் என்று அவர்களை அவர் கண்டுகொள்கிறார். இந்தக் கண்டுபிடிப்பே அந்த நூலின் உயிர் என்பது எனது கருத்து.

சிரிப்பு வெறுஞ் சிரிப்பாகப் போய்விடவில்லை என்பதற்கு டேர்ஹம் நகரக் கதை சான்று. பயணத்திலே அந்நகரின் பேராலயத்தையும் ஆற்றையும் கண்டு மயங்கிய பிரைசன், எல்லோரும் உடனே அங்கே போகவேண்டும் என்று மிகையான பாராட்டொன்றை நூலிலே எழுதிவிட்டார். அந்தப் புகழ்ச்சியை நகரத்தார் மறக்கவில்லை. 2005இல் டேர்ஹம் பல்கலைக்கழகத்தின் வேந்தராக அவர் நியமிக்கப்பட்டு 2011 வரை அப்பதவியில் இருந்தார். 2012இல் அப்பல்கலைக்கழகத்தின் பிரதான நூலகத்துக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது. ஒரு பந்திப் பாராட்டுக்கு ஒரு நூலகம் கிடைத்தால் பிரயாண எழுத்து நட்டமான தொழில் அல்ல என்று தோன்றுகிறது.

இதைவிட முக்கியமான செய்தி வானொலி சம்பந்தப்பட்டது. 2003இல், உலகப் புத்தக தினத்தையொட்டி, பி.பி.சி. வானொலியின் நான்காவது அலைவரிசை நேயர்களிடம் ஒரு வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. இங்கிலாந்தை மிகச் சிறப்பாக எடுத்துக்காட்டும் நூல் எது என்பதே கேள்வி. ஆங்கில இலக்கியத்திலே தமது நாட்டைப் பாடியவர்களுக்குப் பஞ்சமா? ஆயினும் நேயர்கள் தெரிந்தெடுத்தது, தங்களைப் பக்கத்துக்குப் பக்கம் கிண்டல் செய்த இந்த அமெரிக்க மருமகனின் நூலைத்தான். இதில் எழுத்தாளரின் திறமைக்கு ஒரு பங்கு புகழ் சேருமானால், சிரிக்கப்பட்டவர்களின் பெருந்தன்மைக்கு மறுபங்கு சேரவேண்டும். நமது ஊரிலே இருபது ஆண்டு வாழ்ந்த வெளியூரார் ஒருவர், நம் கல்யாண வீட்டுச் சண்டைகளையும் கோயில் நிருவாகசபைக் கூட்டங்களையும் பற்றி இப்படி ஒரு நூல் எழுதினால், நாம் அதற்கு வாக்களிப்போமா என்பதை நேயர்கள் சிந்தித்துக்கொள்ளலாம்.

முதல் நூல் வந்த அதே ஆண்டிலே பிரைசன் அமெரிக்காவுக்குத் திரும்பினார் அல்லவா? அங்கே நியூ ஹாம்ஷயரில் இருந்தபடி அவர் எழுதிய பத்திகள் 1998இல் 'நோட்ஸ் ஃப்ரம் எ பிக் கன்ட்ரி' என்ற நூலாயின. இருபது வருடத்தின் பின்னர் பிறந்த வீட்டுக்கு வந்தவர் அங்கே அந்நியராகி நிற்பதே அதன் பொருள். சுவரிலுள்ள துளையை அடைப்பதற்கான பசையை வாங்க இரும்புக் கடைக்குப் போகிறார். அதற்கு இங்கிலாந்திலே வழங்கும் பெயர் அவருக்குத் தெரியும். அமெரிக்காவிலே வழங்கும் பெயர் தெரியாது. சிறுவயதில் விட்டுச் சென்ற நாட்டில், வளர்ந்தவர்கள் வாங்கும் பொருள்களின் பெயரை அவர் கற்றிருக்கவில்லை. தமிழகத்துக் கடையிலே போய்ப் 'பாண்' கேட்டு விழித்த நம்மவருக்கு இந்தத் தடுமாற்றம் புதிதன்று. ஆனால் நம்மவர் விழித்தது அடுத்த வீட்டிலே. பிரைசன் விழித்ததோ தம் சொந்த வீட்டிலே. இரண்டு நாடுகளை உடையவருக்கு இரண்டிலும் ஏதோவொரு சொல் குறைவாக இருக்கும் என்பதை அந்தச் சிறிய கதை சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறது.

இனி இரண்டாம் நூலுக்கு வருவோம். அது ஓர் அடியோடு தொடங்குகிறது. பிரான்சின் டோவில் நகரிலே, வாகனத் தரிப்பிடத்தின் தானியங்கித் தடைக்கம்பம் எழுத்தாளரின் தலையிலே இறங்குகிறது. முதல் நூலிலே தலையில் உள்ளாடை. இரண்டாம் நூலிலே தலையில் கம்பம். பழைய பிரைசன் வந்துவிட்டார் என்று வாசகன் மகிழ்கிறான். அடுத்துப் பிரித்தானியப் பிரசாவுரிமை பெறுவதற்காகப் பரீட்சைக்குத் தோற்றிய கதை வருகிறது. இருபத்துநான்கு வினாக்கள், அவற்றுள் பதினெட்டுக்கேனும் சரியான விடையளிக்க வேண்டும். பல்லாண்டு வாழ்ந்த நாட்டைப் பற்றி அறுபது வயது கடந்த மனிதர் கைநூலை வைத்து மனனம் செய்வதிலுள்ள வேடிக்கையை அவர் நன்றாகவே எழுதியிருக்கிறார். பிறகு தென்கரையிலுள்ள போக்னர் றீஜிஸ் என்ற ஊரிலிருந்து ஸ்கொட்லாந்தின் வடமேற்கு முனையான கேப் றாத் வரைக்கும் வரைபடத்திலே ஒரு நேர்கோட்டைக் கீறி, அதற்குத் தமது பெயரையே சூட்டி, அந்தக் கோட்டைச் சாட்டாக வைத்துக்கொண்டு பயணத்தைத் தொடங்குகிறார்.

ஆனால் போகப்போகக் குரல் மாறுகிறது. வீதியோரக் குப்பை அவரைக் கோபப்படுத்துகிறது. கடைச் சிப்பந்திகளின் அசட்டை, இலக்கணப் பிழை மலிந்த அறிவிப்புகள், மூடப்படும் கடைகள், பூப்பாத்திகளைக் கைவிடும் உள்ளூராட்சிச் சபைகள், காரணமின்றிப் புகழ் பெற்ற பிரபலங்கள் என்று அவருடைய முறைப்பாட்டுப் பட்டியல் நீளுகிறது. எட்டு மெய்ப்பாடுகளிலே நகையோடு வெகுளியும் வந்து கலந்துவிடுகிறது. முதல் நூலிலே பேதைமையும் மடனும் வேலைசெய்த இடத்தில் இப்போது எள்ளலே பெரும்பாலும் வேலைசெய்கிறது. தன்னிடத்துத் தோன்றிய நகை குறைந்து, பிறரிடத்துத் தோன்றிய நகை மிகுகிறது. இந்த நூலைச் சிடுசிடுப்பான கிழவரின் நூல் என்று சிலர் குறைகூறியதுண்டு. அது முற்றிலும் பொய்யான குற்றச்சாட்டும் அன்று.

எனினும் இந்தச் சிடுசிடுப்பை வேறொரு கோணத்திலும் நோக்க வேண்டும். விருந்தாளி வந்த வீட்டில் முற்றம் கூட்டப்படாமற் கிடந்தால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். பார்க்காதது போல இருந்துவிடுவார். வீட்டுக்காரர்தான் சத்தம் போடுவார். குப்பையைப் பற்றிப் பிரைசன் வெறுமனே முணுமுணுத்தவரும் அல்லர். கிராமிய இங்கிலாந்தைப் பாதுகாப்பதற்கான அமைப்பொன்றின் தலைவராக 2007 முதல் 2012 வரை இருந்து, குப்பை எறிவதற்கு எதிரான இயக்கத்தை முன்னின்று நடத்தியவர். புதுமாப்பிள்ளையாகப் புகுந்த காலத்திலே சட்டப் பட்டியலைக் கேட்டு நடுங்கிய அதே மனிதர், இப்போது தாமே ஒரு சட்டப் பட்டியலை வைத்துக்கொண்டு விறாந்தையில் நிற்கிறார். அந்த விடுதிக்கார அம்மையாரின் இடத்துக்கு அவரே வந்துவிட்டார். ஒரு நாட்டை முற்றாக வரித்துக்கொள்வது என்றால் அதன் முணுமுணுப்பையும் சேர்த்து வரித்துக்கொள்வதுதான் போலும். முணுமுணுப்பிலே ஆங்கிலேயரை வெல்லுவது எளிதன்று. அதிலே இந்த அமெரிக்கர் சித்தி எய்திவிட்டார். அந்த இருபத்துநான்கு வினாக்களைவிட இதுவே கடினமான பரீட்சை என்று நினைக்கிறேன்.

நகை தோன்றும் நான்கு இடங்களுள் இளமை என்பதைப் பற்றி நான் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைத்தன்மை சிரிப்புக்கு இடமாகும் என்பதே அதன் நேர்ப்பொருள். மறுபயண நூல்களைப் பொறுத்தவரை அதனைச் சற்று நீட்டிப் பார்க்கலாம். திரும்பி வருபவர் தேடுவது ஊரை மட்டுந்தானா? வேர்ஜினியா வோட்டர் வைத்தியசாலையை எடுத்துக்கொள்வோம். மாத்திரையும் களிம்பும் விற்றுப் பெரும்பொருள் ஈட்டிய தோமஸ் ஹொலவே என்பவரின் கொடையால் எழுந்து, 1885இல் திறக்கப்பட்ட மாளிகை போன்ற கட்டடம் அது. பிரைசன் அங்கு வேலைசெய்து ஒரு தசாப்தம் ஆகுமுன்பே அது மூடப்பட்டுவிட்டது. அவர் பிரியாவிடைப் பயணம் மேற்கொண்ட காலத்தில் அது கைவிடப்பட்டுக் கிடந்தது. அதன் பின்னர், காவலும் வாயிற்கதவும் கொண்ட செல்வந்தர் குடியிருப்பாக அது மாற்றப்பட்டது. ஒரு காலத்தில் உள்ளே இருந்தவர்கள் வெளியே வர ஏங்கிய கட்டடத்துக்குள்ளே இப்போது வெளியே இருப்பவர்கள் பெரும்பணம் கொடுத்துப் போகிறார்கள். பிரைசனைப் போன்ற ஒருவருக்கு இது நகைச்சுவைக்கு வாய்த்த விடயம். ஆனால் அந்தக் கட்டடத்திலேதான் இருபத்தொரு வயது இளைஞர் ஒருவர் தம் மனைவியைக் கண்டார். கட்டடம் இருக்கிறது, அந்த இளைஞரைத்தான் காணவில்லை. "நாடு கெட்டுப்போயிற்று" என்று முதியவர்கள் சொல்லும் முறைப்பாட்டிலே பாதி, "நான் முதுமையடைந்துவிட்டேன்" என்பதன் மொழிபெயர்ப்பே. நல்ல நகைச்சுவை எழுத்தாளர் இதை அறிவார். அறிந்தும் சொல்லாமல், குப்பையைப் பற்றிப் பேசுவார்.

காலமும் இந்த நூல்களுக்கு ஓர் அடிக்குறிப்பை எழுதிவிட்டது. பிரைசன் டோவரில் வந்திறங்கிய 1973ஆம் ஆண்டின் முதல் நாளிலேதான் பிரித்தானியா ஐரோப்பியப் பொருளாதார சமூகத்திலே சேர்ந்தது. இரண்டாம் நூல் வந்த அடுத்த ஆண்டு, 2016 ஜூனில் நடந்த சர்வசன வாக்கெடுப்பின் வழியே, 2020 ஜனவரி 31இல் அது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது. சேர்ந்த ஆண்டிலே வந்தவர், விலகிய பின்னரும் அங்கேயே இருக்கிறார். அந்நியர் வரவைப் பற்றிய காரசாரமான விவாதம் அந்த வாக்கெடுப்பிலே நடந்ததை நாமறிவோம். இந்த இடத்திலேதான் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. இந்தக் கேள்விக்காகவே இன்றைய உரைக்கு இந்த விடயத்தைத் தெரிந்தெடுத்தேன் என்றும் சொல்லலாம்.

புகுந்த நாட்டைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டா? 1983இன் பின்னர் நம்மவர் பல்லாயிரம் பேர் இலண்டனுக்கும் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் போனார்கள். 2005இன் பின் பிரித்தானியப் பிரசாவுரிமை வேண்டி நின்ற நம்மவர்களும் பிரைசன் எழுதிய அதே வகைப் பரீட்சையையே எழுதினார்கள். ஆனால் அவருக்கு அது ஓர் அத்தியாயத்துக்கு வேண்டிய வேடிக்கை. நம்மவருக்கோ தோற்றால் என்ன ஆகும் என்று நித்திரை வராத இரவு. கட்டில் விரிப்புக்குரிய ஒரு சொல் விளங்காமற் போனது அவருக்கு நகையாயிற்று. குடிவரவுக் கந்தோரிலே ஒரு சொல் விளங்காமற் போனதால் விண்ணப்பம் பிழைத்தவருக்கு அது அழுகையாயிற்று. தொல்காப்பியம் அழுகைக்குச் சொல்லும் நான்கு காரணங்களுள் அசைவு என்பது ஒன்று. முன்னிருந்த நிலை கெட்டு வேறொரு நிலைக்கு ஆளாகி வருந்துதல் என்று அதற்குப் பொருள் சொல்லுவர். பேதைமை ஒன்றுதான்; அசைவோடு வந்தவனிடத்திலே அது சிரிப்பாக முடிவதில்லை.

இன்னுமொன்று. "இந்த நாடு முந்தி இப்படி இருக்கவில்லை, தெருவெல்லாம் குப்பை" என்று பிரைசன் எழுதினால், மாமா சிடுசிடுக்கிறார் என்று ஆங்கில வாசகர் புன்னகை செய்வர். அதே வசனத்தை நம்மவர் ஒருவர் எழுதினால், "பிடிக்காவிட்டால் திரும்பிப் போவதுதானே!" என்று ஒருவராவது சொல்லுவார். நிறமும் மொழியும் வந்த விதமும் சிரிப்பின் உரிமத்தைத் தீர்மானிக்கின்றன. இது பிரைசனின் குற்றமல்ல. ஆனால் அவருடைய நூலைச் சுவைத்துச் சிரிக்கும்போது, அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அவருக்கு வாய்த்திருந்த பாதுகாப்பையும் நாம் காணவேண்டும்.

ஆதலால், ஒருவர் புகுந்த நாட்டிலே வேரூன்றிவிட்டாரா என்பதை அறியக் கடவுச்சீட்டைப் பார்க்கவேண்டியதில்லை என்பது என் கருத்து. அந்த நாட்டைப் பற்றி அவர் அச்சமின்றி ஒரு பகிடி விடுகிறாரா, உரத்து ஒரு முறைப்பாடு செய்கிறாரா என்று பார்த்தாற் போதும். இந்த வகையிலே நம்பிக்கை தரும் அறிகுறிகள் தமிழிலும் உண்டு. கொக்குவிலிலே 1937இற் பிறந்து, ஆபிரிக்க நாடுகள் பலவற்றிலும் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் பணிபுரிந்து, கனடாவிலே குடியேறிய அ. முத்துலிங்கத்தின் கட்டுரைகளையும் கதைகளையும் படித்தவர்கள், புதிய நாட்டு வழக்கங்களின் முன்னே விழித்து நிற்கும் ஒருவரின் பேதைமை எத்துணைப் பண்பட்ட நகையாக முடியும் என்பதை அறிவார்கள். தன்னைக் கண்டு தான் சிரித்துக்கொண்டு, அயலாரைப் புண்படுத்தாமல் அயல்நாட்டைக் காட்டும் கலை அவருக்குக் கைவந்தது.

ஆனால் பிரைசனின் இரண்டாம் நூலுக்கு நிகரானதொன்று தமிழிலே இன்னும் பெருக வேண்டும். 1980களிலே இருபது வயதிற் போனவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களும் மாமனார்களாகிவிட்டார்கள். முதன்முதலாகக் குடியிருந்த நெருக்கமான அறை, இரவு வேலை செய்த பெற்றோல் நிலையம், உணவகத்தின் பின்கட்டு, பாஷை தெரியாமற் பஸ் மாறி ஏறிய தெரு ஆகியவற்றையெல்லாம் நாற்பதாண்டு கழித்து அவர்கள் மறுபடி நடந்து பார்த்து எழுதவேண்டும். ஊருக்கு வந்து இங்குள்ள புழுதியையும் வெயிலையும் பற்றி அவர்கள் முறையிடுவதை நாம் கேட்டுப் பழகிவிட்டோம். அது பிறந்த வீட்டு முறைப்பாடு. புகுந்த வீட்டைப் பற்றிய அவர்களுடைய முறைப்பாட்டையே நான் கேட்க விரும்புகிறேன். அன்று நடுங்கியதற்கு இன்று சிரிக்கலாம். அன்று சிரிக்க அஞ்சியதற்கு இன்று உரத்து முணுமுணுக்கலாம்.

அப்படி எழுத முனைபவர்களுக்குப் பிரைசனின் இரண்டு நூல்களும் தரும் பாடத்தைச் சுருங்கச் சொல்லிவிடலாம். முதலிலே உங்களைப் பார்த்து நீங்கள் சிரியுங்கள். அதன் பிறகு வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிக்கலாம், அவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். அந்த ஒழுங்கை மாற்றினால் எள்ளல் மட்டுமே மிஞ்சும். அத்துடன், சிறியனவற்றைக் குறித்துவையுங்கள். நாட்டின் பெருமை எல்லா நூலிலும் இருக்கும். ஒரு கோப்பைத் தேநீருக்கு முகம் மலர்ந்த ஒரு மனிதரையோ, வழி சொல்ல வந்து வாக்குவாதப்பட்ட இருவரையோ நீங்கள் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

வாய்ப்புக் கிடைக்கும் நேயர்கள் இந்த இரண்டு நூல்களையும் வெளிவந்த வரிசையிலேயே படித்துப் பாருங்கள். மருமகனின் சிரிப்பைக் கேட்டபின் மாமனாரின் முணுமுணுப்பைக் கேட்டால்தான், இரண்டும் ஒரே அன்பின் இரண்டு பருவங்கள் என்பது தெரியவரும்.